எடை மேடைப் பாட்டு

எங்கள் கம்பெனி பஸ்ஸில் தினமும் காலையில் ஏறும் முப்பது பேரில் பாட்டு கேட்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை இப்போதும் முழுதாகப் போய்விடவில்லை. திருநின்றவூரில் ஏறி, செங்குன்றம் வழியாகக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் டிரைவர் சினிமாப் பாட்டு போடுவார். அதுவும் போன வாரம் வந்த பாட்டு. அது புளித்துப் போனதும் இந்த வாரம் வந்தது. பின் சீட்டுக்காரர்கள் தொடையில் தட்டித் தாளம் போடுவார்கள். அந்தத் தாளமும் தப்பாக இருக்கும்.

நான் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொண்டார்கள். பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் வேலை தரச் சோதனை. எங்கள் ஃபவுண்டரியில் லாரிகளுக்கான பிரேக் டிரம்களை வார்க்கிறார்கள். வார்ப்பு ஆறி வந்ததும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். நல்ல உருப்படி மணி மாதிரி ஒலித்து அடங்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் தொப்பென்று செத்துவிடும். அதன்மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரம் தள்ளிவிடுவேன். பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். காதால் கேட்டு வேண்டாம் என்று சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவளுக்கு மனிதர்களையும் அப்படியே தட்டிப் பார்க்கும் புத்தி வந்துவிட்டது.

யாருக்கும் தெரியாத பாட்டுகளைத் தேடிக் கேட்பது என் பழக்கம். கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், வீட்டறையிலோ ஹாஸ்டல் மாடிப்படியிலோ தனியாக உட்கார்ந்து பாடி இணையத்தில் ஏற்றிவிட்டுப் போனவர்களின் பாட்டுகள். பத்துப் பேர் கேட்டிருந்தால் எனக்கு அது பதினோராவது ஆளாக நுழையும் கௌரவம். அதில் முக்கால்வாசி குப்பை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காதல் தோல்வியைத் தவிர வேறெதுவும் நடக்காத வாழ்க்கைகள். ஒரு கிட்டாரும் நாலு பெருமூச்சும் இருந்தால் பாட்டாகிவிடும் என்று எண்ணுகிறவர்கள்.

ஒருமுறை சென்னையில் இப்படிப்பட்டவர்கள் கூடிப் பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரயில் பிடித்துப் போனேன். காபிக் கடையின் மொட்டை மாடி. கேட்க வந்தவர்கள் எல்லோரும் மேடையில் இருப்பவரின் நண்பர்கள். தமிழில் பாடிவிட்டு அதன் அர்த்தத்தை இங்கிலீஷில் விளக்கினார்கள். நெல்வயலைப் பற்றி ஒருவர் பாடினார். கடம்பத்தூர்ப் பக்கம் நெல் போடுகிற வீட்டில் பிறந்தவள் நான். அந்தப் பாட்டில் அறுவடைக்கு மறுநாள் நாற்று நட்டார்கள். சகிக்கவில்லை. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் போடும் பாட்டும் வேண்டாம், காபிக் கடைப் பாட்டும் வேண்டாம் என்றால் உலகத்தில் எனக்கு மிச்சமிருந்தது என் காது மட்டும்தான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பாட்டு கிடைத்தது.

மதியச் சாப்பாட்டு இடைவேளை. கேன்டீனில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்ததால் சோதனை அறையிலேயே டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோனில் துழாவிக்கொண்டிருந்தேன். பாட்டுக்குத் தலைப்பு இல்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுவர்க் காலண்டர். முதலில் ஏதோ மிஷினின் இழுவையான 'பீப்'. பிறகு எவர்சில்வர் டம்ளரில் விரல் நகம் தட்டுவது போல ஒரு தாளம். அதன்மேல் ஒரு பெண் குரல். இழுக்காமல், குழையாமல், அடுத்த வீட்டு ஆளிடம் பேசுவது போல.

காலியா வந்தா ஒரு எடை
ரொப்பிக்கினு போனா ஒரு எடை
கூட்டிக் கழிச்சி சீட்டு குடுத்தேன்
எனக்கு யாரு பார்ப்பா எடை

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. அழுகை வரவில்லை. பாட்டு கேட்டு அழுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நான் தட்டிய ஆயிரக்கணக்கான வார்ப்புகளில் எப்போதாவது ஒன்று, மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக ஒலிக்கும். வேலையை விட்டுவிட்டு அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நிற்பேன். அப்படி நின்றேன். சாப்பாட்டு மணி முடிவதற்குள் அதை ஆறு தடவை கேட்டேன்.

இப்படி ஒன்று கிடைத்தால் யாரிடமாவது கொடுக்காமல் இருக்க முடிவதில்லை. அதுதான் இந்த வியாதியின் மோசமான பகுதி. முதலில் என் கணவருக்கு அனுப்பினேன். அவர் சென்னையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். தினமும் ரயிலில் போய் வருகிறவர். "கட்டாயம் முழுசா கேளுங்க. அவசரப்படாதீங்க. இரண்டாவது அடியில் குரல் இறங்கும் இடத்தைக் கவனியுங்க" என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெக்கார்டிங் சரியில்லையே. பின்னாடி லாரி சத்தம் வருது."

"லாரி சத்தம் அந்தப் பாட்டுக்குள்ள இருக்குங்க."

"அப்படியா? சரி, சரி. டிபன் என்ன?"

மறுநாள் ஆபீஸ் குரூப்பில் போட்டேன். நாலு நிமிஷப் பாட்டு. போட்ட ஆறாவது விநாடியில் எங்கள் ஹெச்.ஆர். அதிகாரி 'சூப்பர் மேடம்' என்று எழுதி, கைதட்டும் பொம்மை மூன்று அனுப்பினார். அவரைப் பார்த்து இன்னும் பதினைந்து பேர் கைதட்டினார்கள். ஒருவர் அதன் கீழேயே குட் மார்னிங் ரோஜாப்பூவைப் போட்டுப் பாட்டை மேலே தள்ளினார். இவர்களிடம் இடி விழும் சத்தத்தைப் பதிந்து கொடுத்தாலும் சூப்பர் மேடம் என்பார்கள் என்று தோன்றியது. குரூப்பிலிருந்து வெளியேறலாமா என்று பார்த்தேன். ஷிப்டு விவரமும் அதில்தான் வரும் என்பதால் முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில், பஸ் தொழிற்பேட்டை வாசலில் நின்று எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தபோது டிரைவர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், ஒரு நிமிசம். நாலு நாளா அதே பாட்டைக் கேட்டுக்கினு வரீங்க போலக்கீதே. கண்ணாடியில பார்த்தேன், ஒரே இடத்துல தலை ஆட்டறீங்க. இன்னா பாட்டு அது?"

இந்த ஆளுக்கா கொடுப்பது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, கேட்டுவிட்டு உளறட்டும், அதையும் பார்த்துவிடலாம் என்று இயர்போனைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் இன்ஜினை அணைத்தார். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் முதல் பத்து விநாடியை மறுபடி போடச் சொன்னார்.

"இது நம்ம புதுவாயல் எடை மேடைம்மா."

"எது?"

"இந்த பீப்பு. வண்டி ஏறி நின்னு எடை நெலைக்கு வந்தா கத்தும். நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்ன பத்து வருசம் லாரி ஓட்னவன். இந்தப் பக்கம் எத்தினியோ எடை மேடை கீது. இப்டி இழுத்துக்கினு கத்தறது அது ஒண்ணு தான். ஹைவேஸ்ல லெப்டுல வரும். உள்ள ஒரு பொம்பள ஒக்காந்துக்கினு இருக்கும். அதுவா இப்டி பாடுது?"

எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை. அந்தப் பாட்டை நூறு தடவை கேட்டவள் நான். இந்த மனிதர் ஒரே தடவை கேட்டுவிட்டு, எனக்குக் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்டார். இயர்போனை வாங்கிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் இறங்கிப் போனேன்.

அடுத்த விடுமுறை நாளில் தனியாகப் புதுவாயல் போனேன். டிரைவர் சொன்ன இடத்தில் ஒரு பெரிய இரும்பு மேடை, பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு அறை, அதில் ஒரு ஜன்னல். லாரி வந்து நின்றால் எடை பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மசால் வடை தின்றுகொண்டிருந்தாள். சுவரில் அந்தக் காலண்டர்.

"யாரு நீங்க? எடை அளவு ஆபீஸுல இருந்து செக்கிங்கா? ஓனரு இல்ல, சாயங்காலம் வருவாரு."

"ஆபீஸ் இல்லம்மா. ஒரு பாட்டு கேட்டேன். எடை மேடைப் பாட்டு. அதைப் பாடினது..."

வடையைக் கீழே வைத்தாள். "அய்ய! அத்த யாரு கேட்டது? நான் எங்க தங்கச்சிக்குத் தான் காட்றதுக்குப் போட்டேன்."

உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டாள். அவள் பிறந்தது பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீன்பிடிக் குப்பம். கட்டிக்கொடுத்தது இந்தப் பக்கம். எட்டு வருஷமாக இந்த ஜன்னலில் வேலை. நான் பெரிய துக்கம் எதையோ எதிர்பார்த்துப் போயிருந்தேன். கணவன் அடிக்கிறானா, குழந்தை தவறிவிட்டதா என்று மெல்லத் துருவிப் பார்த்தேன்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லக்கா. எங்கூட்டு ஆளு தங்கம். மத்தியானம் வண்டி வராது. போரடிச்சிச்சி. டம்ளரு கையில இருந்துச்சி. பாடினேன்."

"அந்த வரி எப்படித் தோணுச்சி? எனக்கு யாரு பார்ப்பா எடைன்னு?"

"குண்டாயிட்டேன்னு எங்க தங்கச்சி கிண்டல் பண்ணினுகீறா. இந்த மேடையில லாரிய நிறுத்தலாம், என்னை நிறுத்தினா சரியாவே காட்டாது. அத்த நெனச்சி சிரிச்சிக்கினே பாடினது."

ஆறு நாளாக அந்தப் பாட்டில் நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. பேச்சை மாற்ற, யாருடைய பாட்டெல்லாம் கேட்பாய் என்று கேட்டேன். டிரைவர் பஸ்ஸில் போடும் அதே பாட்டுகளை வரிசையாகச் சொன்னாள். அதில் ஒன்றைத் தோளைக் குலுக்கிப் பாடியும் காட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். தன்னிடம் என்ன இருக்கிறது என்று இவளுக்குத் தெரியவில்லை, நான்தான் சொல்லித் தர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவை இன்று நினைத்தால் கூசுகிறது.

பாடியவள் யார், எங்கே இருக்கிறாள் என்பது டிரைவர் மூலம் பஸ் முழுக்கப் பரவி, ஹெச்.ஆர். வரை போய்விட்டது. எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு குடும்ப விழா நடக்கும். அவர் என்னிடம் வந்தார். "மேடம், லோக்கல் டேலண்ட். நம்ம விழாவுல பாடச் சொல்லலாமே. நீங்களே அறிமுகம் பண்ணிடுங்க." பாட்டை இப்போதாவது முழுசாகக் கேட்டீர்களா என்றேன். "வரிகள் ரொம்ப ஆழம் மேடம்" என்றார். கேட்கவில்லை என்று அர்த்தம்.

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஆசை. நான் கண்டெடுத்தது மேடை ஏறப்போகிறது. அவளிடம் சொன்னபோது, "சாப்பாடு உண்டாக்கா? பசங்கள இட்டுக்கினு வரலாமா?" என்று மட்டும்தான் கேட்டாள். நான் மூன்று பக்கத்துக்கு அறிமுக உரை எழுதினேன்.

விழாவன்று பகல் பதினொரு மணிக்கு, ஃபவுண்டரிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஒரு ஓரத்தில் பிரியாணி அண்டாக்கள். அவள் மயில் கழுத்து நிறத்தில் பட்டுப் புடவை கட்டி, இரண்டு குழந்தைகளோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மைக்கைப் பிடித்தேன்.

என்ன பேசினேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். நம் காதுகள் கெட்டுப் போய்விட்டன என்றேன். விற்பதற்கென்று செய்யப்பட்ட பாட்டுகளை மென்று துப்பிக்கொண்டிருக்கிறோம் என்றேன். ஆறு விநாடியில் கைதட்டுகிறவர்கள் என்று ஹெச்.ஆர். அதிகாரியைப் பார்த்தே சொன்னேன். நம் பஸ்ஸில் தினமும் ஒலிப்பது இசையே அல்ல என்றேன். கடைசி வரிசையில் நின்றிருந்த டிரைவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தைகள் சிணுங்கின. மூன்று பக்கத்தையும் படித்து முடித்துவிட்டுத்தான் அவளை மேடைக்கு அழைத்தேன்.

அவள் டம்ளரோடு ஏறினாள். மைக்குக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பாட ஆரம்பித்தாள். நன்றாகத்தான் பாடினாள். இரண்டாவது அடி முடிவதற்குள் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். வாசனை வந்ததும் பின்வரிசை எழுந்தது. அதைப் பார்த்து நடு வரிசையும். யாரோ ஒரு ஆள் பேப்பர் தட்டுகளை மேடைக்கு முன்னாலேயே சுமந்துகொண்டு போனார். நான் மேடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே என்று எனக்குள் ஒரு கேவலமான திருப்தியும் இருந்தது.

அவள் நிறுத்தினாள். கூட்டத்தை ஒரு தடவை பார்த்தாள். சவுண்டு சிஸ்டக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அடுத்த நிமிஷம், பஸ்ஸில் அந்த வாரம் முழுக்க அலறிய டான்ஸ் பாட்டின் இசை ஸ்பீக்கரில் வெடித்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பாடினாள். கையில் தட்டோடு எல்லோரும் திரும்பி ஓடி வந்தார்கள். வெல்டிங் பிரிவு முழுக்க ஆடியது. ஹெச்.ஆர். அதிகாரி டையைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினார். டிரைவரையும் யாரோ உள்ளே இழுத்துவிட்டார்கள். அவள் இன்னொரு பாட்டு பாடினாள், அப்புறம் இன்னொன்று.

சாப்பாடு முடிந்து, பரிசாகக் கொடுத்த பிரஷர் குக்கரோடு அவள் வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் இப்படிப் பண்ணே? உன் பாட்டை நீயே பாதியில விட்டுட்டு அந்தக் குப்பையைப் பாடலாமா? அவங்க கேக்கலைன்னா போகட்டும். நீ முழுசாப் பாடியிருக்கணும்."

"யாருக்கு?"

"எனக்கு."

குக்கரைக் கீழே வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "அக்கா, நான் பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னயே நீங்க ஜனத்தை அடிச்சி வெச்சிட்டீங்க. இன்னா பேச்சி அது? பாவம் அந்த டிரைவர் அண்ணன், அவர் தான் என்னைக் கண்டுபுடிச்சி சொன்னாராமே. அவரை வெச்சிக்கினே திட்றீங்க. என் பாட்டை எடுத்து எல்லாரையும் அடிக்கறதுக்குக் கட்டையா வெச்சிக்கினீங்க. அதுக்கா நான் பாடினேன்? வெயில்ல பசியோட ஒக்காந்துக்கினு கீற ஜனம் எயுந்து போனா அதுவா தப்பு?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேஜாரு பண்ணாதீங்கக்கா. வண்டி வந்துட்ச்சி."

குழந்தைகளையும் குக்கரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பல நாள் அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பிச்சைக்காரிக்கு வைரம் கிடைத்தால் இப்படித்தான் என்று, எழுதக் கூசும் வார்த்தைகளால்கூட. அந்தக் கோபம் மெதுவாக வேறு பக்கம் திரும்பியது. எனக்கு அந்தப் பாட்டு பிடித்ததில் பாதி, அது வேறு யாருக்கும் தெரியாது என்பதால்தான். அது மற்றவர்களுக்குப் பிடிக்காமல் போனபோது நான் உண்மையில் வருத்தப்படவில்லை. பிடித்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன். நான் அனுப்பிய ஒவ்வொரு பாட்டோடும், 'உனக்கு இது புரியாது' என்று ஒரு சீட்டையும் சேர்த்தே அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்படி வந்ததை யார் ஆசையாகப் பிரிப்பார்கள்?

டிரைவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது வழக்கமில்லை, வார்த்தை தடுக்கியது. "அத்த அப்பவே மறந்துட்டேன் மேடம்" என்றார். மறக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அதற்கப்புறம் நான் ஏறும்போது சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறார். அது எனக்குத் திட்டு வாங்கியதைவிட வலிக்கிறது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாதத்தில் அவளே ஃபோனில் கூப்பிட்டாள். சண்டை நடந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "புதுசா ஒண்ணு பாடிகீறேன்கா. அனுப்பறேன், கேட்டுட்டு சொல்லுங்க."

கேட்டேன். மோசமாக இருந்தது. ஏதோ ஒரு செயலியில் கிடைத்த டமடம டிரம்ஸ். குரலில் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலி. டம்ளர் போய்விட்டது, லாரி போய்விட்டது. ஏரியில் படகு விடுவதைப் பற்றி நல்ல வரிகள் நாலைந்து இருந்தன. அவற்றையும் டிரம்ஸ் மிதித்துவிட்டது. கூப்பிட்டு அதையே சொன்னேன். பொய் சொன்னால்தான் அவளை மதிக்காததாகும் என்று பட்டது.

"உங்களுக்குப் புடிக்கலயா? அப்ப ஜனத்துக்குப் புடிக்கும்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அதை இணையத்தில் ஏற்றியும் விட்டாள்.

அந்தப் பாட்டை என் கணவருக்கு அனுப்பினேன். இந்தத் தடவை பாட்டோடு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து இருவரும் ஒன்றாக நடந்து வந்தோம். அவராகவே ஆரம்பித்தார்.

"அந்தப் படகுப் பாட்டு அனுப்பினியே, ரயில்ல மூணு தடவை கேட்டேன். பழைய பாட்டைவிட இது எவ்வளவோ மேல்."

"மேலா? அந்த டிரம்ஸைக் கேட்டீங்களா?"

"டிரம்ஸ்தான் அருமை. அலை அடிக்கற மாதிரி வருது."

"அலையா அது? தகர டப்பா உருள்ற மாதிரி இருக்கு."

"உனக்குக் காது போயிடுச்சி" என்றார், நடுத்தெருவில் நின்று. பன்னிரண்டு வருஷக் கல்யாணத்தில் நாங்கள் பாட்டுக்காகச் சண்டை போட்டது அன்றுதான் முதல் தடவை. காய்கறிக் கடை வாசலில் ஆரம்பித்து மாடிப்படி ஏறும்வரை போட்டோம். பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மனிதருக்கு ரசனை மட்டம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவர் முழுசாகக் கேட்டிருந்தார், மூன்று தடவை. எந்த இடத்தில் குரல் இறங்குகிறது என்று எனக்கே பாடிக் காட்டினார், படியில் நின்று, ஸ்ருதி விலகி, படுமோசமாக.